நண்பரின் ரைஃபிள் பாகங்கள் என் கேரேஜில் இருக்கு, அவசரம்

புதுசா வந்தவன்:
வணக்கம். அமெரிக்கா வந்து நாலு மாசம் ஆகுது. கூட வேலை பார்க்கிற ஒருத்தர் வீட்டிலேயே ரைஃபிள் பூட்டுறதைப் பொழுதுபோக்கா வெச்சிருக்கார். எனக்குச் சின்ன வயசிலிருந்தே பட்டறை வேலைன்னா உயிர். அவர் வீட்டுல இடமில்லைன்னு ரெண்டு வாரமா என் கேரேஜ் மேசையிலதான் வேலை நடந்துச்சு. நேத்து அவர் வெளியூர் போயிட்டார், எல்லாம் இங்கேயே கிடக்கு. இன்னைக்கு வந்த நண்பர் ஒருத்தர் பார்த்துட்டு, "இது உன் வீட்டுல இருக்கவே கூடாது"ன்னு சொல்லிட்டுப் போனார். மனைவி அழுதுட்டே இருக்காங்க. எல்லாத்தையும் குப்பையில போட்டுடவா?

இழைப்புளி:
முதல்ல மேசையைச் சரி பண்ணுங்க சகோ. பாகத்தை இறுக்கிப் பிடிக்கிற வைஸ் ஆடக் கூடாது. குழலைப் பிடிக்கிற பேரல் நட்டை, முறுக்கு அளவு காட்டுற டார்க் ரெஞ்ச் இல்லாம கை மதிப்புல முறுக்கக் கூடாது. தோட்டா உட்காருற இடத்தோட இடைவெளியை, அதான் ஹெட்ஸ்பேஸை, கேஜ் வெச்சுப் பார்க்காம யாரும் சுடவே கூடாது, அதுல விளையாட்டே இல்லை. சுத்தம் பண்ற திரவத்துக்குக் கேரேஜ் கதவு திறந்திருக்கணும். சுட்ட துப்பாக்கியைத் தொட்ட கையில ஈயம் ஒட்டியிருக்கும், சோப்பு போட்டுக் கழுவாம குழந்தையைத் தூக்காதீங்க.

முதல் பனி:
தம்பி, உன் நிலைமை எனக்குப் புரியுது. நான் வந்த முதல் குளிர்காலத்துல கார் இல்லை, லைசென்ஸ் இல்லை, சனி ஞாயிறு ரெண்டு நாளும் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. யாராவது "வா"ன்னு கூப்பிட்டா எங்கேன்னு கேட்காமலே கிளம்பிடுவேன். மூணு மாசம் அப்படியே போச்சு. கூப்பிட்டவரை மறுக்க மனசு வராது. உன்னைத் திட்டத் தோணலை.

வேட்டைக்காரன்:
பயப்படாதீங்க. மாநிலத்தோட ஹண்டிங் லைசென்ஸ் ஒண்ணு எடுத்தா விசாவுல இருக்கிறவரும் வெச்சுக்கலாம். நானே அப்படித்தான் இருந்தேன்.

கறார்:
தப்பு. விசாவுல இருக்கிறவன் துப்பாக்கி, தோட்டா ரெண்டையும் தொடவே கூடாது. கூட்டாட்சித் துப்பாக்கிச் சட்டம், பிரிவு 922(ஜி)(5). 2022-லிருந்து உச்ச தண்டனை 15 வருஷம். தண்டனை ஆச்சுன்னா நாடு கடத்தவும் அதுவே போதும்.

வேட்டைக்காரன்:
அதே சட்டத்துல 922(ஒய்)(2) படிச்சுப் பாருங்க. செல்லுபடியாகுற ஹண்டிங் லைசென்ஸுக்கு விலக்கு உண்டு.

கறார்:
விலக்கு இருக்குங்க, அதை ஒத்துக்கிறேன். ஆனா கையில துப்பாக்கி இருந்த நாள்ல லைசென்ஸ் இருந்திருக்கணும். நாளைக்கு வாங்குற லைசென்ஸ் நேத்தைய தப்பை எப்படி மூடும்? காலாவதி ஆன மறுநாளே விலக்கும் போயிடும்.

வரிசையில் நிற்பவன்:
இதைப் பார்த்தா வயிறு எரியுது. வருஷக்கணக்கா வரி கட்டுறோம், வீடு வாங்கிட்டோம், பிள்ளைங்க இங்கேயே பிறந்துச்சு. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு வெச்சு கிரீன் கார்டு வரிசையிலேயே கிழவனாக்குறாங்க. பக்கத்து வீட்டுக்காரன் மேசையில செய்றதை நான் எட்டி நின்னு பார்க்கணும்.

முதல் பனி:
அந்த வரிசையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கும் விடியும் வரை ஆகும்.

கேரேஜ் அக்கா:
எல்லாரும் கொஞ்சம் நிறுத்துங்க. கேட்ட பையன் ராத்திரி தூங்க மாட்டான். தம்பி, மூணு விஷயம் நீ சொல்லவே இல்லை. என்ன விசா, எந்த மாநிலம், அந்தப் பாகங்கள்ல சீரியல் நம்பர் பொறிச்ச ரிசீவர், அதாவது துப்பாக்கியோட நடு உடல், இருக்கா? தோட்டா இருக்கா? குழல், ஸ்டாக்னு சொல்ற தோள்ல வைக்கிற கட்டை எல்லாம் கூட்டாட்சிச் சட்டப்படி வெறும் பாகம். ரிசீவர் தனியா கிடந்தாலும் அதுவே துப்பாக்கி.

புதுசா வந்தவன்:
எச்-1பி அக்கா. டெக்சஸ். நம்பர் போட்ட ரிசீவர் இருக்கு. ஒரு டப்பா தோட்டாவும் இருக்கு. ஹண்டிங் லைசென்ஸ் எல்லாம் என்கிட்ட இல்லை.

கேரேஜ் அக்கா:
சரி, இதோட நிறுத்து. இனி ஒரு விவரமும் இங்கே எழுதாதே. குப்பையில போடாதே, யாருக்கும் தூக்கிக் கொடுக்காதே, காரில் ஏத்தாதே, தபாலில் அனுப்பாதே. தொடாம, குழந்தைங்க கை படாம கேரேஜைப் பூட்டு. குடியேற்றச் சட்டமும் துப்பாக்கிச் சட்டமும் தெரிஞ்ச வழக்கறிஞரை இப்பவே கூப்பிடு. அந்தச் சாமான் எப்படி வெளியே போகணும், யார் வந்து எடுக்கணும்னு அவர் சொல்லட்டும். அதுக்கப்புறம் அந்த நண்பருக்குப் போன். விசாவுல இருக்கிறவன்னு தெரிஞ்சும் கையில கொடுத்திருந்தா அவருக்கும் வழக்கு இருக்கு, அதனால சாக்கு சொல்லாம வருவார்.

வீட்டுக்காரம்மாகிட்டயும் சொல்லு. உன் விசாவைச் சார்ந்த எச்-4-ல இருந்தா அவங்களுக்கும் இதே தடைதான். துப்பாக்கிப் பெட்டிச் சாவி அவங்க கையில இருந்தாலே "வெச்சிருந்தது" ஆகலாம். கிரீன் கார்டுக்கு விண்ணப்பம் போட்டாச்சுன்னாலும் நிலை மாறாது, கார்டு வந்த பிறகுதான்.

"தெரியாம செஞ்சேன்"னு நம்பி உட்காராதே. ரெஹைஃப்னு ஒரு மாணவர். கல்லூரி நீக்கினதுல விசா நிலை போச்சு, அப்புறம் சுடுதளத்துல சுட்டதுக்கு வழக்கு. தன் நிலை அவருக்குத் தெரிஞ்சிருந்ததை அரசு நிரூபிக்கணும்னு 2019-ல உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனா எச்-1பி-ல இருக்கிறது உனக்குத் தெரியாதுன்னு யார்கிட்ட சொல்லப் போறே?

நான் கடுமையாப் பேசுறது உன் ஆசை மேல கோபத்துல இல்லை. கையால வேலை செய்ற பிள்ளைங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

புதுசா வந்தவன்:
அக்கா, வழக்கறிஞர்கிட்ட பேசிட்டேன். அவர் சொன்னபடியே எல்லாம் போயாச்சு. மனைவி இப்பதான் சாப்பிட்டாங்க. செதுக்காத வால்நட் கட்டை ஒண்ணு மட்டும் மேசையில இருக்கு, ஸ்டாக்குக்காக வாங்கினது. அதுல வேலை பழகலாமா?

கேரேஜ் அக்கா:
கட்டை கட்டைதான், தாராளமாப் பழகு. வேற யாரோட துப்பாக்கியையும் அளவு பார்க்கன்னு வீட்டுக்குள்ள விடாதே. ஏர் ரைஃபிள் கூட்டாட்சிச் சட்டத்துல துப்பாக்கி இல்லை, ஆனா நியூ ஜெர்சி மாதிரி மாநிலத்துல அதுவும் துப்பாக்கிதான், வீடு மாறினா நினைவுல வை. வால்நட் தூள் மூச்சுக்கு ஆகாது, மாஸ்க் போட்டுக்கோ. எண்ணெயை மெல்லிசாத் தடவி, ஒவ்வொரு பூச்சும் நல்லாக் காய்ஞ்ச பிறகு அடுத்ததைப் போடு.