கோட்டையூர்ப் பழைய வீடுகளில் நீங்கள் கண்டதும் கேட்டதும்

வளவுவீட்டுப் பேரன்:
போன தை மாதம் கோட்டையூரில் எங்கள் பங்குவீட்டைத் திறந்தோம். வருடத்துக்கு ஒரு தடவை, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு மட்டும் பங்காளிகள் எல்லோரும் கூடுகிற வீடு அது. காரைக்குடி வளர்ந்து வந்து எங்கள் ஊரைத் தொட்டுவிட்டது. சுற்றிலும் புது வீடுகள் எழும்புகின்றன. எங்கள் தெருவில் பாதி வீடுகள் மட்டும் பூட்டியபடியே கிடக்கின்றன.

உள்வீட்டில் ஒரு தகரப் பெட்டி நிறையக் கணக்குக் கட்டுகள் இருந்தன. பழைய பேப்பர்க்காரர் தராசோடு முகப்பில் உட்கார்ந்துவிட்டார். எடை போடச் சொல்லி நானே ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தேன். அதற்குள் பக்கத்து வீட்டு ஐயா கம்பை ஊன்றிக்கொண்டு வந்துவிட்டார். அவருக்கு வயது எண்பத்தெட்டு. "தம்பி, அதைப் போட்றாதீக. ரெங்கோன் கடைக் கணக்கு அது" என்றார்.

பட்டாலையில் பாய் விரித்து, கட்டை அவிழ்த்து, அவரே படிக்க ஆரம்பித்தார். எண்களெல்லாம் தமிழ் எண்கள். எனக்கு ௧, ௨ தாண்டித் தெரியாது. பர்மாவுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்தப் போனவர்கள் மூன்று வருடத் தவணைக்குப் போவார்களாம். எடுபிடி வேலை பார்க்கும் பெட்டியடிப் பையனாகப் போய், உதவியாளரான அடுத்தாளாகி, அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். அங்கே எழுதிய கணக்கின் நகல் ஊருக்கு வந்துகொண்டே இருக்கும். எங்கள் பெட்டியில் இருந்தவை அந்த நகல்கள்தான்.

கடைசிக் கட்டு விஷு வருஷம் (1941) கார்த்திகையோடு நின்றது. அதற்குப் பிறகு ஒரு தாளும் இல்லை. நான் போனில் தேதியைத் தேடினேன். 1941 டிசம்பர் 23, ரங்கூனில் ஜப்பான்காரன் முதல் குண்டு போட்ட நாள். அது மார்கழி. ஐயாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பச்சி (அப்பா) பர்மாவுலருந்து நடந்தே வந்தாக. தமு, மணிப்பூர்னு பேர் சொல்லுவாக. எனக்கு அப்ப அஞ்சு வயசு. வாசல்ல வந்து நின்னவரை யாருன்னு தெரியாம உள்ள ஓடிட்டேன்" என்றார்.

பேப்பர்க்காரரை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் பழைய செய்தித்தாள்களைக் கொடுத்தேன். அதுகூடத் தப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. ரோஜா முத்தையா எங்கள் ஊர்க்காரர். விளம்பரப் பலகை எழுதுகிற ஓவியர். பழைய புத்தகம், நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் கழித்துப் போட்டதையெல்லாம் சேர்த்து வைத்தார். அவர் 1992-இல் இறந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, 1994-இல் சென்னையில் அவர் பெயரிலேயே நூலகமாக்கியது. அந்த ஊரில் பிறந்துவிட்டு நான் தராசைத் தேடியிருக்கிறேன். இன்னும் மனசு ஆறவில்லை.

உங்கள் வீடுகளில் என்ன கிடைத்தது? யார் என்ன சொன்னார்கள்? எழுதுங்கள்.

கொத்தனார் வீட்டுப் பொண்ணு:
அண்ணே, படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்க்கதை என்றாலே பர்மாத் தேக்கும் இத்தாலிப் பளிங்கும்தான் வருகிறது. அவற்றைத் தூக்கி நிறுத்தியவர்கள் கணக்கேட்டில் கூலித்தொகையாக மட்டும்தான் இருப்பார்கள்.

எங்கள் தாத்தா பூச்சு வேலைக்காரர். சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டுப் பூசுவார்களாம். கடைசிப் பூச்சுக்கு நைசாக அரைத்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு. அது காய்வதற்குள் வழவழப்பான கல்லை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நடுவில் கை எடுத்தால் அந்த இடம் மங்கிப்போகும். தாத்தாவுக்கு வலது உள்ளங்கையில் ரேகையே தெரியாது. சின்னப் பிள்ளையில் அதைத் தடவிப் பார்த்திருக்கிறேன், சுவர் மாதிரியே இருக்கும்.

அவர் பூசிய வீடு ஒன்று போன வருடம் இடிபட்டது. தூண்களும் கதவுகளும் லாரியில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போய்விட்டன. தூணுக்கு அந்தத் தெருவில் விலை இருக்கிறது. பூச்சை யார் பெயர்த்து எடுப்பது? கைப்பிடி அளவு சில்லு ஒன்றை எடுத்து வந்து சாமி மாடத்தில் வைத்திருக்கிறேன்.

ஆயா வளர்த்த பிள்ளை:
எங்கள் ஆயா (பாட்டி) காரைக்குடியில் நேருவைப் பார்த்தவர். 1948 ஜூலை 25, மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டிய நாள். அதற்காக 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்த வள்ளல் அழகப்பச் செட்டியார் 1909-இல் பிறந்தது கோட்டையூரில்தான். ஆயாவுக்கு அப்போது பத்து வயது. நேரு முகம் சரியாக நினைவில்லையாம். "அம்புட்டும் பொட்டல் காடு, நிக்க நிழல் இல்லை" என்பார். இப்போது அந்த வழியாகக் காரில் போனால் மரங்களைத்தான் காட்டுவார்.

வளவுவீட்டுப் பேரன்:
தங்கச்சி, நீங்கள் சொன்னபிறகு கூலிப் பக்கங்களைத் தேடினேன். இவை கடைக் கணக்கு என்பதால் வீடு கட்டிய செலவு இவற்றில் இல்லை. அது வேறு பெட்டியாக இருக்கும் என்கிறார் ஐயா. பங்காளிகளிடம் கேட்டிருக்கிறேன், கிடைத்தால் முதலில் உங்களுக்குத்தான் சொல்வேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐயா ஒரு கட்டை வாசிக்கிறார், நான் போனில் பதிவு செய்கிறேன். இதுவரை நான்கு கட்டு முடிந்திருக்கிறது. சில தொகைகளுக்குப் பின்னால் ஒரு பின்னக் குறி வருகிறது. மாகாணியா (1/16) அரைக்காலா (1/8) என்று அவருக்கே பிடிபடவில்லை. பழைய கணக்கெழுத்து படிக்கத் தெரிந்த பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், படத்தோடு நேரில் வருகிறேன்.