கராஜுக்கு ஃபர்னஸ்: எங்கள் குடும்பக் குழுவில்

சரவணன்: ராஜு மாமா, தோட்டத்துக் கோடியில் தனியாக நிற்கும் கராஜில் குளிருக்குச் சூடு தர ஒரு கேஸ் ஃபர்னஸ் வைக்கலாம் என்றிருக்கிறேன். பனிக்கு முன்னால் முடிய வேண்டும். போன வருஷம் இழைப்புளியைப் பிடிக்கவே கை விறைத்துப்போனது.

செல்வி: எந்த இழைப்புளி? அப்பாவுடையதா?

கண்ணன்: அதேதான். கேட்காமல் எடுத்துப் போனது.

சரவணன்: அக்கா, அதை அப்புறம் பேசலாம்.

ராஜு மாமா: காரும் அங்கேதான் நிற்கிறதா?

சரவணன்: ஆமாம். புல்வெட்டும் மெஷின், பெட்ரோல் கேன் எல்லாம்.

ராஜு மாமா: அப்படியென்றால் கவனமாகக் கேள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தரையாகப் படரும். ஃபர்னஸ் பற்றும்போது வருகிற பொறி அதற்குப் போதும். அதனால் பர்னரும் பற்றவைக்கும் பாகமும் தரையிலிருந்து 18 அங்குலமாவது மேலே இருக்க வேண்டும். இரும்பு ஸ்டாண்ட் போட்டுத் தூக்கு. கார் வந்து இடிக்காதபடி முன்னால் ஒரு தூணும் நடு.

கண்ணன்: தூண் கட்டாயம். இவன் ரிவர்ஸ் எடுக்கிற அழகு தெரியுமே.

செல்வி: பழைய கேட்டைக் கேட்டால் சொல்லும்.

சித்தி: ராஜு, பிரித்துப் பிரித்து எழுது. கண் வலிக்கிறது.

சரவணன்: மாமா, கேஸ் லைன்? வீட்டிலிருந்து 40 அடி.

ராஜு மாமா: மண்ணுக்குள் மஞ்சள் பாலிஎதிலீன் குழாய். அதை அப்படியே வெளியே நீட்டக்கூடாது, மேலே வரும் இடத்தில் ரைசர், அதாவது மண்ணிலிருந்து மேலே ஏறுவதற்கென்றே உள்ள குழாய்த் துண்டு, போட வேண்டும்.

ராஜு மாமா: கூடவே ஒரு செம்புக் கம்பியும் புதைக்க வேண்டும். பிளாஸ்டிக் குழாய் எங்கே ஓடுகிறது என்று நாளைக்குத் தேடுபவருக்கு அந்தக் கம்பிதான் காட்டும்.

ராஜு மாமா: அடுப்பு, வாட்டர் ஹீட்டர், ஃபர்னஸ் எல்லாவற்றின் பி.டி.யூ.வையும், அதாவது வெப்ப அளவையும், கூட்டி, மீட்டர் தாங்குமா என்று பார்க்கச் சொல். கராஜுக்குத் தனி வால்வு வேண்டும்.

கண்ணன்: குழியை நானே வந்து வெட்டித் தருகிறேன்.

ராஜு மாமா: உள்ளே என்னென்ன ஓடுகிறது என்று குறித்த பிறகுதான் மண்வெட்டியைத் தொட வேண்டும். குழாய் இணைப்பது லைசென்ஸ் உள்ளவர் வேலை. கசிவு பார்க்கிற பிரஷர் டெஸ்ட் முடியாமல் மண்ணைத் தள்ளாதே.

மீனா: 90 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ள வகைதானே கேஸ் மிச்சம்?

ராஜு மாமா: மிச்சம்தான். ஆனால் அதில் புகையில் உள்ள ஆவி குளிர்ந்து தண்ணீர் வடியும். ஃபர்னஸ் ஓடாத நாளில் கராஜ் உறைந்தால் அந்தத் தண்ணீரும் உறைந்து அடைத்துக்கொள்ளும். எப்போதாவது வேலை செய்கிற இடத்துக்கு 80 சதவீத வகை போதும். இல்லையென்றால் கூரையில் தொங்குகிற யூனிட் ஹீட்டர். எரிவதற்கான காற்றை வெளியிலிருந்து இழுக்கிற மாதிரி வாங்கு, மரத்தூள் உள்ளே போகாது.

சரவணன்: தொங்குகிறதே நல்லது போலிருக்கிறது. இடமும் மிச்சம்.

செல்வி: எதை வாங்கினாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வை. அந்த வாடகை வீட்டு ராத்திரி மறந்துபோச்சா?

மீனா: எந்த ராத்திரி?

சித்தி: நீ அப்போது பிறக்கவில்லை. ஜன்னல் இடுக்கில் துணி அடைத்து, உள்ளே ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கினோம். ஒரு வாசனையும் இல்லை. அக்கா வாந்தி எடுக்க எழுந்து கதவைத் திறந்தாள். அதனால் பிழைத்தோம்.

ராஜு மாமா: அந்தத் துணியை அடைத்தது நான். அதனால்தான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

செல்வி: மாமா, அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்.

சரவணன்: அலாரம் இன்றைக்கே வாங்குகிறேன் மாமா.

சித்தி: சனிக்கிழமை அக்காவைக் கண் டாக்டரிடம் யார் கூட்டிப்போவது?

கண்ணன்: நான் குழி வெட்டப் போகிறேனே.

சரவணன்: இன்னும் இடமே குறிக்கவில்லை. நீ அம்மாவோடு போ.

மீனா: நான் போகிறேன். மணி சொல்லுங்கள்.

ராஜு மாமா: சரவணா, கராஜ் சுவருக்குள் இன்சுலேஷன் இருக்கிறதா? முதலில் அதன் போட்டோ அனுப்பு. அதைப் பார்த்துத்தான் எத்தனை பி.டி.யூ. என்று சொல்ல முடியும்.

சரவணன்: சாயங்காலம் அனுப்புகிறேன்.

செல்வி: இழைப்புளியையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. கைப்பிடியில் அப்பா பேர் வெட்டியிருப்பார், இருக்கிறதா பார்.