மறு: நித்திரையில் பல்லைக் கடிப்பதற்கு ஒரு சொல் – 'நெருமல்' போதுமா?

வணக்கம்.

பேச்சு நன்றாகவே நீண்டுவிட்டது. ஆளுக்கொரு சொல்லும் வந்து சேர்ந்திருக்கிறது. நித்திரையில் பல்லைக் கடிப்பது பற்றி நோயாளிகளுக்குக் கொடுக்கவிருக்கும் துண்டுப்பிரசுரத்தின் சிங்களப் பக்கமும் ஆங்கிலப் பக்கமும் முடிந்துவிட்டன. தமிழ்ப் பக்கம் மட்டும் தலைப்பில்லாமல் கிடக்கிறது. கொழும்பில் மும்மொழி வேலை செய்கிறவர்களுக்கு இது பழகிய காட்சிதான். கடைசி நாளில் யாராவது அகராதியைப் புரட்டி, முதலில் அகப்பட்டதைப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிடுவார். அந்தச் சொல் பிறகு வருடக்கணக்காகச் சுவரில் தொங்கும். இந்த முறை அப்படி நடக்கவேண்டாம் என்றுதான் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

என் முன்மொழிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நெருமல். 'பல்' முன்னால் வேண்டாம், 'நோய்' பின்னால் வேண்டாம். ஏன் என்பதற்கு, முதலில் மற்றச் சொற்களைப் பார்த்துவிட்டு வருவோம்.

> 'பற்கடிப்பு' என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல்தான், அதுதான் தொல்லை. விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் 'அழுகையும் பற்கடிப்பும்' எங்கே இருக்கும் என்பது கொட்டாஞ்சேனையில் வேதபாடம் படித்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். பல் காட்ட வந்தவரின் கையில் நரகத்தைக் கொடுப்பானேன்? அதை விட்டாலும், பல்லைக் கடித்தல் தமிழில் ஒன்றில் கோபம், இல்லாவிட்டால் பொறுமை. 'கொஞ்சக் காலம் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு பிள்ளை' என்று வீட்டில் எத்தனை பெண்களுக்குச் சொல்லியிருப்போம். இரண்டுமே மனமறிந்து செய்பவை. நித்திரையில் நடப்பது மனமறிந்து நடப்பதில்லை. பெயரிலேயே 'நீ செய்கிறாய்' என்ற சாயல் இருந்தால், வாசிக்கிறவர் வெட்கப்பட்டுப் பிரசுரத்தை மடித்து வைத்துவிடுவார்.

> ஒலிக்குறிப்புச் சொல் நமக்கே உரிய செல்வம். 'நறநறப்பு' எவ்வளவு அழகு!

அழகுதான் ஐயா. ஆனால் இது சத்தம் போடுகிறவருக்கு மட்டும் பொருந்தும். மேல்வரிசையும் கீழ்வரிசையும் உரசி அரைபட்டால்தான் நறநற. இறுக்கிக் கடித்தபடி அசையாமல் கிடப்பவரிடமிருந்து ஒரு சத்தமும் வராது. பக்கத்தில் படுக்கிறவருக்கும் தெரியாது, தனியாகப் படுக்கிறவருக்கோ சொல்ல ஆளே இல்லை. விடிய எழும்பினால் கன்னம் கல்லாக இருக்கும், பொட்டடியில் வலிக்கும். தலையணையைக் குறை சொல்லிவிட்டு வேலைக்குப் போவார். 'நறநறப்பு' என்று தலைப்புப் போட்டால், 'நமக்குத்தான் சத்தம் வருவதில்லையே' என்று இவர் பிரசுரத்தைக் கடந்து போய்விடுவார். யாருக்காக எழுதுகிறோமோ அவர்களில் பெரும்பங்கு இப்படிப்பட்டவர்கள்.

'பல்லரைப்பு' என்ற சொல்லுக்கும் இதே குறை உண்டு. கூடவே, அரைப்பது கொடுப்புப் பல்லின் அன்றாட வேலை. அதற்குச் சம்பளமே அதற்குத்தான்.

> மருத்துவப் பெயரை அப்படியே ஒலிபெயர்த்தால் என்ன?

செய்து பாருங்கள், ஆங்கிலப் பெயர் bruxism. எங்கள் பாடநூல் வழக்கில் ஆங்கில எக்ஸ் ஒலி 'ட்ச' ஆகும். ஒட்சிசன், காபனீரொட்சைட்டு எல்லாம் அப்படி வந்தவைதான். அந்த முறைப்படி எழுதினால் 'புரட்சிசம்' என்று வரும். மருதானையில் மே தின ஊர்வலத்துக்கு ஆள் சேர்க்கலாம், பல் காக்க முடியாது. தமிழக வழக்கில் 'புரக்சிசம்' என்றால் சிரிப்பு வராது, பொருளும் வராது. இந்தப் பாதையில் நாங்கள் முன்பே நடந்து பார்த்திருக்கிறோம். மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்ததன் தொடர்ச்சியாக, 1875இல், வேதியியல் நூலொன்று 'கெமிஸ்தம்' என்ற பெயரில் வந்தது. இன்று பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் கெமிஸ்தம் என்றால் விழிக்கும், நின்றது இரசாயனவியல்தான்.

சரி, நெருமலுக்கு வருவோம்.

'பிள்ளை நித்திரையில பல்லு நெருமுது' என்பது யாழ்ப்பாணத்து வீடுகளில் புழங்கும் பேச்சு. சிலர் 'நெரும்புது' என்பார்கள். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளுக்குக் குடிவந்த குடும்பங்களோடு அதுவும் வந்துவிட்டது. ஆகவே நாங்கள் எதையும் புதிதாக உருவாக்கவில்லை. இருக்கும் வினையிலிருந்து ஒரு பெயரை எடுக்கிறோம், அவ்வளவுதான். இருமு, இருமல். தும்மு, தும்மல். செருமு, செருமல். நெருமு, நெருமல். உடம்பு நம்மைக் கேட்காமல் செய்யும் காரியங்களுக்குத் தமிழ் ஏற்கெனவே வைத்திருக்கும் வரிசை இது. கூட்டம் போட்டு யோசித்தாலும் இவ்வளவு பொருத்தமாக அமையாது.

சத்தம் இல்லாத இறுக்கத்துக்கும் இது பொருந்துமா என்று பேராதனையிலிருந்து எழுதிய நண்பர் கேட்டிருந்தார். என் காதுக்கு நெருமு, நெரி, நெருக்கு, நெருங்கு எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளாகத்தான் கேட்கின்றன. காலி வீதியில் பின்னேரம் ஐந்து மணிக்கு நடப்பதும் நெரிசல்தானே, அங்கே எதுவும் அசைவதில்லை. அழுத்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. உரசல் கூட வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

'பல்' ஏன் வேண்டாம் என்பதற்குக் காரணம் மருத்துவப் பக்கத்திலிருந்து வருகிறது. 2013இல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு பொது வரையறைக்கு வந்தார்கள். 2018இல் அதைத் திருத்தினார்கள். அதில் முதலிடம் பல்லுக்கு இல்லை, மெல்லும் தசைகளுக்கு. பல்லோடு பல் படாமலே தாடையை விறைப்பாகப் பிடித்துக்கொண்டிருப்பதும், முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருப்பதும் இதே கணக்கில் சேரும். விரலைத் தாடையின் மூலையில், காதுக்குக் கீழே வைத்து ஒருதரம் பல்லை இறுக்கிப் பாருங்கள். உருண்டு எழும்புகிறதே, அந்தத் தசைதான் கதாநாயகன். பொட்டடியில் விசிறிபோல் விரிந்து கிடக்கும் இன்னொன்று அதற்குத் துணை. பல் அடி வாங்குகிற கட்சி மட்டும்தான். அடி வாங்குகிறவன் பெயரை வழக்குக்கு வைக்கலாமா என்று சட்டம் படித்தவர்கள் சொல்லட்டும்.

அதே 2018 வரையறை இன்னொன்றும் சொல்கிறது. மற்றப்படி ஆரோக்கியமாக இருக்கும் ஒருவருக்கு இது தன்னளவில் ஒரு கோளாறு அல்ல, உடம்பின் ஒரு நடத்தை. விளைவு கெட்டதாக இருந்தால்தான் கவலை. இருமலை நினைத்துப் பாருங்கள். இருமல் ஒரு நோயா? சிலவேளை ஒன்றுமில்லை, சிலவேளை பின்னால் ஏதோ இருக்கிறது. நெருமலும் அப்படித்தான். பலத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நிற்பதும் சேர்ந்திருந்தால் பல் வைத்தியரோடு நிற்காமல் நித்திரைப் பரிசோதனைக்குப் போகவேண்டும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் இது வரும். அப்போது மருந்தெழுதிய வைத்தியரிடம் சொல்லவேண்டும், தானாக மாத்திரையை நிறுத்தக்கூடாது. 1907இல் பிரெஞ்சு மொழியில் முதன்முதலாக இதற்குப் பெயர் வைத்தபோது பின்னொட்டாக 'மேனியா'வையே ஒட்டியிருந்தார்கள். மருத்துவ உலகமே பிறகு கழற்றி வைத்ததை நாங்கள் 'நோய்' என்று திரும்ப ஒட்டத் தேவையில்லை.

உட்பிரிவுச் சொற்களில் 'இராப் பற்கடி', 'பகற் பற்கடி' என்று வந்தவற்றுக்கு என் வாக்கு இல்லை. துறைமுகத்திலும் ஆஸ்பத்திரியிலும் இரவு வேலை செய்துவிட்டுக் காலை எட்டு மணிக்குப் படுக்கிறவருக்கு எது இரா, எது பகல்? பிரிக்கவேண்டியது நித்திரையையும் விழிப்பையும்தான். ஆகவே நித்திரை நெருமல், விழிப்பு நெருமல். 'நித்திரை வடசொல், துயில் என்று மாற்றுங்கள்' என்று கோவையிலிருந்து ஐயா எழுதியிருந்தார். இங்கே பேரப்பிள்ளை முதல் பாட்டிவரை எல்லோருக்கும் அது நித்திரைதான் ஐயா. துயில் என்றால் பெருமாள் நினைவுக்கு வருவார். தமிழகப் பதிப்புக்கு 'உறக்க நெருமல்' என்று போடுங்கள், எனக்கு மறுப்பில்லை. தசை விட்டுவிட்டு இறுகுவதையும் விடாது இறுகுவதையும் வைத்தியர்கள் பிரித்துப் பேசுவார்கள். அதற்கு 'விட்டிறுக்கம்', 'விடாயிறுக்கம்' என்று ஒருவர் தந்தார். இரண்டாவதைக் கேட்டால் தாகம் எடுக்கிறது. பிரசுரத்தில் அது தேவைப்படவில்லை, விட்டுவிடுவோம். 'தாடைப்பூட்டு' மட்டும் எக்காரணத்துக்கும் வேண்டாம். வாய்ப்பூட்டு என்றதும் ஏற்புவலிதான் நினைவுக்கு வரும், சனம் தடுப்பூசிக்கு ஓடும்.

அடுத்தது, இரவில் பல்லில் மாட்டும் அந்தக் கடினமான அக்ரிலிக் தட்டு. 'பல்லுறை' என்றால், பழுதான பல்லுக்கு மேல் ஒட்டும் மூடியான கிரவுணோடு குழம்பும். 'பல்தட்டு' என்றால் பொய்ப்பல் கட்டியதாக நினைப்பார்கள். நான் 'பற்கவசம்' என்கிறேன். கவசம் போட்டவன் மேல் அம்பு விழாமல் இருப்பதில்லை, தைக்காது, அவ்வளவே. தட்டும் அப்படியே. நெருமலை அது நிறுத்தாது, பல் தேயாமல் காக்கும். என்னுடையதைக் கழுவி வெளிச்சத்துக்குப் பிடித்தால், கொடுப்புப் பல் படும் இடத்தில் மினுமினுவென்று இரண்டு வழுவழுப்பான தடம் தெரியும். மற்ற இடமெல்லாம் மங்கல். அந்தத் தேய்மானம் முழுக்க என் பல்லில் விழுந்திருக்க வேண்டியது. பொருத்தும் நாளில் வைத்தியர் நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி, மை அதிகம் பட்ட இடத்தை ராவி, திரும்பக் கடிக்கச் சொல்லி, திரும்ப ராவுவார். இந்த வேலை முடியாமல் எழும்பி வராதீர்கள் என்று பிரசுரத்தில் ஒரு வரி போடவேண்டும். சுடுதண்ணியில் கழுவவேண்டாம், வளைந்துவிடும் என்று இன்னொரு வரி.

பல் மருத்துவர் அக்கா கேட்டபடி, உள்ளடக்கத்தின் வரைவு இதோ:

"காலையில் எழும்பும்போது கன்னம் இறுகி, பொட்டடி வலிக்கிறதா? பல் கூசுகிறதா? நாக்கின் ஓரத்தில் பல்லின் தடம் பதிந்திருக்கிறதா? நீங்கள் நித்திரையில் நெருமுகிறவராக இருக்கலாம். சத்தம் வந்தால்தான் நெருமல் என்றில்லை. நித்திரை முழுதாகக் கலையாமல், மூளை ஒரு கணம் விழிப்பை எட்டிப்பார்த்துத் திரும்பும் நேரங்களில்தான் தாடை பெரும்பாலும் இறுகுகிறது. ஆகவே நித்திரையைக் குழப்புகிற எதையும் குறைத்துப் பாருங்கள்: பின்னேரத்துக்குப் பிறகு கோப்பி, சாயம் கூடிய பிளேன்டீ, இரவில் சாராயம், சிகரெட். பகலில் கணினிக்கு முன்னாலோ பஸ்ஸிலோ இருக்கும்போது உங்கள் பல் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மெல்லும்போதும் விழுங்கும்போதும் தவிர மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் வேலை இல்லை. உதடு சேரட்டும், பல் விலகட்டும்."

கடைசி வரியைச் சின்னதாக அச்சிட்டு, கணினித் திரையின் மூலையில் ஒட்டுவதற்குத் தனியாகக் கொடுக்கலாம். விழிப்பு நெருமலுக்கு மருந்தை விட இந்த நினைவூட்டல் பலனுள்ளது என்பது என் எண்ணம். கவனம் வந்த கணமே தாடை தளர்ந்துவிடுகிறது. நித்திரை நெருமலில் இந்த வித்தை செல்லாது, நித்திரைக்காரருக்கு யார் நினைவூட்டுவது. அதனால்தான் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும் என்று இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறேன்.

பூச்சி பற்றியும் எழுதியே ஆகவேண்டும். 'பிள்ளை பல்லு நெருமினால் வயிற்றில் பூச்சி' என்று எங்கள் அம்மாக்களெல்லாம் தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். பூச்சி இருந்தால் பூச்சி மருந்து கொடுக்கட்டும், நெருமலுக்காகக் கொடுக்கவேண்டாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரத் தானாகவே குறைந்துவிடும். இதை அம்மாக்களைப் புண்படுத்தாமல் எப்படி எழுதுவது என்று யாராவது சொல்லுங்கள். என் வரைவுகள் எல்லாம் பள்ளிக்கூட அதிபர் பேசுவது மாதிரி இருக்கின்றன.

'நெருமல் தமிழ்நாட்டில் புரியாது' என்ற தடையை நான் பெரிதாக எடுக்கவில்லை. வார்ட் பிளேஸ் பல் வைத்தியசாலையில் எண் வாங்கிக்கொண்டு வாங்கில் இருப்பவர்களுக்கு இது புரிந்தால் முதல் பதிப்புக்குப் போதும். மலையகத்திலும் கிழக்கிலும் வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். மட்டக்களப்பிலும் ஹட்டனிலும் இருக்கிறவர்கள் வீட்டில் கேட்டு எழுதினால் நல்லது. வேறு வினை புழக்கத்தில் இருந்தால் அடைப்புக்குள் அதையும் சேர்க்கலாம்.

'பற்கவசம்' பிடிக்காதவர்கள் அச்சகத்துக்குப் போகுமுன் மாற்றுச் சொல்லோடு வரவும். வாயைத் திறக்கும்போது தாடை மூட்டில் 'டிக்' என்று கேட்கிறதே, அதற்குப் பெயர் என்ன என்று அக்கா கேட்டதை மறக்கவில்லை. அதைத் தனி இழையில் பேசுவோம். சொடக்கு என்ற சொல்லை ஏற்கெனவே விரல் எடுத்துக்கொண்டுவிட்டது.