புதுப்பிப்பு: புகையானுக்குத் தண்ணீரை வடித்த பிறகு

தூர் கட்டிய நெற்பயிரில் புகையான் (அடித்தண்டில் சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி) ஏறுகிறது, மருந்து அடிப்பதா, தண்ணீரை வடிப்பதா என்று முன்பு கேட்டிருந்தேன். வடிக்கச் சொன்னவர்களே அதிகம். சரி என்று வடித்துவிட்டேன்.

மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை விட்டு, பிறகு தண்ணீர் கட்டினேன். மேலுரமாகப் போட வேண்டிய யூரியாவைத் தள்ளி வைத்தேன். இப்போது தூரை விலக்கிப் பார்த்தால், முன்பு தண்ணீர் மட்டத்துக்கு மேலே அப்பிக்கிடந்த பழுப்புப் பூச்சிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கின்றன. தட்டினால் ஓரிரண்டு குதிக்கின்றன, அவ்வளவுதான். குத்துக்கு, அதாவது சேர்த்து நட்ட ஒரு நாற்றுக் கொத்துக்கு, பூச்சியைத் தின்னும் ஒரு சிலந்தியாவது தென்படுகிறது. சிலந்தி அந்த அளவில் இருந்தால் தூருக்கு (ஒரு கிளைத் தண்டுக்கு) 2 பூச்சி வரை பொறுக்கலாம்; இல்லையென்றால் 1 தான் எல்லை. அதனால் மருந்துக்கு வேலை வரவில்லை. புகையான் உறிஞ்சி வட்டமாகக் காய்ந்த திட்டு மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அது இனி தேறாது.

செயற்கை பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லி அடிக்கச் சொன்ன நண்பருக்கு: அது சிலந்தியையும் புகையானின் முட்டையைத் தின்னும் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியையும் கொன்றுவிடும். அப்புறம் புகையான் முன்னைவிட அதிகமாகத் திரும்பும்.

குருத்துப்பூச்சிக்கும் வடிக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் புழு தண்டுக்குள் இருக்கிறது, வடிப்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. நடும்போதே நாற்றின் நுனியைக் கிள்ளினால் அதில் இருக்கும் குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியல் போகும். இலைத்துண்டைக் கூடாகச் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் மிதக்கும் கூண்டுப்புழுவுக்கு வடிப்பது நன்றாகவே கேட்கும். ஆனால் பயிர் பூக்கும் சமயத்தில் எதற்காகவும் வயலைக் காயவிடாதீர்கள், பதர் விழும்.