ஒரு மில்லி பாலும் மாமியாரின் கவலையும்: குறைமாதக் குழந்தை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்

பாலக்கோடு அம்மா:
என் மகள் 30 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், 1,150 கிராம். தருமபுரி ஆஸ்பத்திரியில் வார்மரில், அதாவது உடம்புக்குச் சூடு கொடுக்கும் படுக்கையில், வைத்திருந்தார்கள். சிஸ்டர் ஒரு ஸ்டீல் கிண்ணத்தைக் கொடுத்துக் கையால் பீச்சச் சொன்னார். மஞ்சளாக நாலைந்து சொட்டு வந்தது. இதைப் போய் எப்படிக் கொடுப்பது என்று கூச்சமாக இருந்தது. "அதுதாம்மா மருந்து, கொண்டா" என்று சிரிஞ்சில் உறிஞ்சிக்கொண்டு போனார். டியூப் வழியாக ஒவ்வொரு வேளைக்கும் ஒரு மில்லி. மற்ற சத்தெல்லாம் டிரிப்பில்.

அத்தைக்குப் பொறுக்கவில்லை. கோழிக்குஞ்சுகூட இதைவிட அதிகம் குடிக்கும் என்றார். தெருவில் கழுதை ஓட்டி வருகிறவரிடம் ஒரு சங்கு பால் வாங்கி ஊற்றினால் சளி, காமாலை எதுவும் அண்டாது என்பது அவர் கணக்கு. நம் பக்கம் யார் வீட்டில்தான் கொடுக்கவில்லை? டாக்டர் கோபப்படாமல் உட்கார வைத்துச் சொன்னார்: குறைமாதப் பிள்ளையின் குடல் இன்னும் பழுக்கவில்லை, காய்ச்சாத பாலின் கிருமியை அதனால் தடுக்க முடியாது; பவுடர் பால் கொடுத்தாலும் தாய்ப்பாலைவிடக் குடல் அழுகல் நோய் வரும் வாய்ப்பு அதிகம். அத்தை நம்பினாரோ என்னவோ, அப்புறம் எனக்குக் களியும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப் போடுவதில் இறங்கிவிட்டார்.

காவேரிப்பட்டணம் தாய்மாமன்:
அந்த நோய் எங்கள் வீட்டுக்கே வந்தது. தங்கை மகன், ஒரு கிலோகூட இல்லை. பால் நன்றாக ஏறிக்கொண்டிருந்த மூன்றாவது வாரத்தில் வயிறு உப்பிப் பளபளத்தது. டியூபில் பச்சை நிறமாகத் திரும்பியது, மலத்தில் ரத்தம். எக்ஸ்ரேயில் குடல் சுவருக்குள் காற்று தெரிந்ததாம். பாலை அடியோடு நிறுத்தி ஆன்டிபயாடிக் போட்டார்கள். "பிள்ளையப் பட்டினி போடுறாங்களே" என்று அம்மா வார்டு வாசலில் ஒரே அழுகை. குடலில் ஓட்டை விழுந்தால் ஆபரேஷன், அதற்குச் சேலம் போக வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தார்கள். நல்லவேளை, விழவில்லை. குழந்தை குடிக்காத நாட்களிலும் தங்கை நேரம் தவறாமல் பீச்சிக்கொண்டிருந்தாள். எதற்கு வீணாக என்று கேட்டேன். "இப்ப விட்டா வத்திடும்ணா, நாளைக்குத் திரும்ப ஆரம்பிக்கும்போது யார்கிட்டப் போய் நிக்கிறது?" என்றாள்.

அரூர் சிஸ்டர்:
தங்கை செய்ததுதான் சரி. பச்சிளங்குழந்தைப் பிரிவில் வேலை பார்க்கிறேன், அதனால் ஒன்று சொல்கிறேன். 1,500 கிராமுக்குக் கீழே இருந்தால் பாலைப் படிப்படியாகத்தான் கூட்டுவோம். அதற்காக ரொம்பவும் பயந்து இழுத்தடிக்கவும் வேண்டாம். கிலோவுக்குத் தினம் 18 மில்லி கூட்டுவதா, 30 மில்லி கூட்டுவதா என்று பிரிட்டனிலும் அயர்லாந்திலும் செய்த பெரிய ஆய்வு 2019-ல் வெளிவந்தது. வேகமாகக் கூட்டிய பிள்ளைகளுக்கு இந்த நோய் குறிப்பிடும்படி அதிகமாகவில்லை.

பாலக்கோடு அம்மா:
அக்கா, தாய்க்குப் பாலே வரவில்லை என்றால்?

அரூர் சிஸ்டர்:
முதலில் குழந்தையை நெஞ்சோடு தோல் படக் கட்டிக்கொள்ளச் சொல்வோம்மா. பல பேருக்கு அதிலேயே சுரந்துவிடும். அதற்கும் வராவிட்டால் தாய்ப்பால் வங்கிப் பால். 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கித்தான் தருவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் பச்சையாக வாங்கி ஊற்ற வேண்டாம். வீட்டுக்குப் போன பிறகு நாக்கில் தடவும் சேனை, வசம்பு, கழுதைப்பால் எதுவும் வேண்டாம்; பால் புகட்டும் பாலாடைக் கிண்ணத்தைத் தினமும் கொதிக்க வையுங்கள். வயிறு உப்பினாலோ பச்சை நிறமாக வாந்தி எடுத்தாலோ விடியட்டும் என்று இருக்காதீர்கள். அஞ்செட்டி, பென்னாகரம் மலைப்பக்கம் இருப்பவர்கள் முதலில் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு அப்புறம் துணிமணி எடுத்து வையுங்கள்.