சூடேறிய பிறகு ஆயில் குடிக்கும் என்ஜின்: ரிங்கா, வால்வ் சீலா?

திருமங்கலம்:
வணக்கம். 2014 மாடல் பெட்ரோல் கார், 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், அலுமினிய என்ஜின், டைமிங் செயின். மேலூர் நாலுவழிச் சாலையில் ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் வெடித்து, டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஹோஸும் தெர்மோஸ்டாட்டும் புதுசு போட்டாச்சு. ஃபேன் சரியாக ஓடுகிறது, கூலன்ட் குறையவில்லை. ஆனால் அதிலிருந்து 1000 கி.மீ.க்கு ஏறக்குறைய 1 லிட்டர் ஆயில் காணாமல் போகிறது. வண்டி நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு கூட இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நீலப் புகை ஒரு முறை வந்து மறைகிறது. பட்டறையில் என்ஜினை இறக்கி பிஸ்டன் ரிங், போர் (சிலிண்டரின் உள்சுவர்) எல்லாம் பார்க்கணும் என்கிறார்கள். இறக்காமலே எங்கே போகிறது என்று உறுதி செய்ய முடியுமா?

பசுமலை பட்டறை:
முடியும் தம்பி. உறுதி செய்யாமல் இறக்க விடாதீங்க. அளவுக்கு மீறிச் சூடேறிய என்ஜினில் ஆயில் எரிய மூன்று வழி உண்டு. ஒன்று, வால்வ் தண்டில் இருக்கும் ரப்பர் சீல் வெந்து விறைத்துப்போவது. விறைத்த ரப்பர் தண்டைக் கவ்வாது, மேலே தேங்கும் ஆயில் தண்டு வழியாகவே இறங்கும். இரண்டு, பிஸ்டன் ரிங். காடிக்குள் இருந்த ஆயில் கருகிக் கரியாகி, ஆயில் ரிங் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பின்னால் இருக்கும் வடிகால் துளைகளும் அடைபடும். ரொம்ப மோசமானால் ரிங்கின் விறைப்பே போய்விடும், போர் கீறியும் இருக்கலாம். மூன்று, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட் வளைந்து, அதற்கடியில் உள்ள கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு வழியாக ஆயில் பாதையிலிருந்து ஒரு சிலிண்டருக்குள் கசிவது. உங்களுக்கு கூலன்ட் குறையாததால் மூன்றாவதுக்கு வாய்ப்பு குறைவு, ஆனாலும் விட்டுவிடக்கூடாது.

இதற்கெல்லாம் முன்னால் பிசிவி வால்வை, அதாவது கிராங்க் கேஸில் (என்ஜினின் அடிப்பகுதி) சேரும் வாயுவை இன்டேக்குக்கு (காற்று உள்ளே போகும் வழி) அனுப்பும் வால்வை, கழற்றிக் குலுக்கிப் பாருங்க. கலகலவென்று சத்தம் வரணும். அது அடைத்தால் கிராங்க் கேஸில் அழுத்தம் ஏறி ஆயிலைத் தள்ளும். திறந்தபடியே மாட்டிக்கொண்டால் இன்டேக் நேராக ஆயிலை உறிஞ்சும். விலை குறைந்த பொருள், பார்க்க பத்து நிமிஷம். இதைப் பார்க்காமலே என்ஜின் வேலை சொல்லும் இடங்கள் நிறைய.

உசிலம்பட்டி ரோடு:
புகை வரும் நேரமே பாதி பதிலைச் சொல்லிவிடும் அண்ணே. பின் சீட்டில் ஒருவரை உட்கார வைத்து கண்ணாடி வழியே பார்க்கச் சொல்லுங்க. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிப்பட்டி கணவாய் ஏற்றத்தில் மூணாம் கியரில் அழுத்தி ஏறும்போது தொடர்ந்து நீலமாக வந்தால் ரிங் பக்கம் சந்தேகம். கொடைக்கானல் மலைப்பாதையில் வத்தலக்குண்டை நோக்கி இறங்கும்போது ஆக்சிலேட்டரை விட்டு கியரிலேயே சற்று நேரம் இறங்கி, பிறகு மிதித்தவுடன் குபுக்கென்று ஒரு புகை வந்து அடங்கினால் வால்வ் சீல். த்ராட்டில் (காற்று வழியின் கதவு) மூடியிருக்கும்போது இன்டேக்கில் உறிஞ்சல் அதிகம், தளர்ந்த சீல் வழியாக ஆயிலை இழுத்துவிடும். காலை ஸ்டார்ட்டில் மட்டும் புகை என்பதும் சீலைத்தான் காட்டுகிறது, ராத்திரி முழுக்க வடிந்து தேங்கியது எரிகிறது. வெள்ளைப் புகையும் இனிப்பு வாடையும் வந்தால் அது கூலன்ட், கதை வேறு.

பசுமலை பட்டறை:
புகையை வைத்து மட்டும் முடிவு வேண்டாம், கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தத்தின் அளவு, எடுங்க. என்ஜின் சூடாக இருக்கணும், பேட்டரி முழு சார்ஜில் இருக்கணும். ஃப்யூயல் பம்ப் ஃப்யூஸையும் காயில் கனெக்டர்களையும் கழற்றிவிட்டு நாலு பிளக்கையும் எடுங்க. எந்தப் பிளக் எந்த சிலிண்டர் என்று வரிசையாக வைங்க. ஈரமாகவோ, தடித்த கரி படிந்தோ இருப்பதுதான் ஆயில் போகும் சிலிண்டர். ஒன்று மட்டும் நனைந்திருந்தால் கேஸ்கெட்டையும் நினைவில் வைங்க.

அழுத்தம் அளக்கும் கேஜ் மரையிட்டுப் பூட்டும் வகையாக இருக்கணும். அழுத்திப் பிடிக்கும் ரப்பர் முனை ஆழமான பிளக் குழியில் சரியாக உட்காராது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து, முள் ஏறுவது நிற்கும்வரை கிராங்க் செய்யுங்க (ஸ்டார்ட்டரால் சுழற்றுங்க). நாலுக்கும் ஒரே மாதிரி. இந்த மாதிரி பெட்ரோல் என்ஜினில் 170 முதல் 200 பிஎஸ்ஐ வரை எதிர்பார்க்கலாம். அளவைவிட நாலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் முக்கியம், 15 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. குறைந்த சிலிண்டரில் 5 முதல் 10 மி.லி. ஆயில் விட்டு மறுபடி எடுங்க. நன்றாக ஏறினால் ரிங். ஏறாவிட்டால் வால்வ் அல்லது கேஸ்கெட்.

இங்கே பலர் ஏமாறும் இடம் ஒன்று: கம்ப்ரஷனைத் தாங்குவது மேலே உள்ள இரண்டு ரிங். ஆயிலை வழித்து இறக்குவது மூன்றாவது ரிங். அது ஒட்டிக்கிடந்தாலும் கேஜ் நல்ல எண்ணையே காட்டும். ஆகவே நல்ல கம்ப்ரஷன் வந்தால் போர் வேலை தேவையில்லை என்றுதான் அர்த்தமே தவிர, ஆயில் ரிங் சுத்தம் என்று அர்த்தமில்லை.

திருமங்கலம்:
விவரத்துக்கு நன்றி அண்ணே. பிசிவி நன்றாக இருக்கிறது. கம்ப்ரஷன் முறையே 178, 172, 175, 176. இரண்டாம், மூன்றாம் பிளக்கில் ஈரக் கரி, மற்றவை காய்ந்தவை. ஏற்றத்தில் புகை இல்லை. இறக்கத்தில் விட்டு மிதித்ததும் ஒரு புகை வருகிறது. 20டபிள்யூ 50 என்ற கெட்டி ஆயில் ஊற்றினால் குறையும் என்கிறார் ஒருவர். செய்யலாமா?

உசிலம்பட்டி ரோடு:
கெட்டி ஆயில் கணக்கைக் குறைத்துக் காட்டும், நோயைத் தீர்க்காது. மெல்லிய ஆயிலுக்கென்று செய்த என்ஜினில் குளிர்ந்த ஸ்டார்ட்டின்போது வால்வுகளைத் திறக்கும் கேம் பக்கம் எண்ணெய் ஏறத் தாமதமாகும். மேனுவலில் உள்ளதையே ஊற்றுங்க. ஆயில் அளவு பார்க்கும் ஸ்டிக்கில் கீழ்க் கோட்டுக்கு இறங்கவே விடாதீங்க. எரியும் ஆயில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் கெடுக்கும், தள்ளிப்போடாதீங்க.

பசுமலை பட்டறை:
உங்கள் கணக்கில் வால்வ் சீல்தான் முதல் சந்தேகம். நடு இரண்டு சிலிண்டரில் வெப்பம் கூடுதலாகத் தேங்கும், அதுவும் பொருந்துகிறது. ஹெட்டை இறக்காமலே சீல் மாற்றலாம். செயினிலும் பல்சக்கரத்திலும் பெயிண்ட் குறி வைத்து, செயின் கீழே நழுவாதபடி இழுத்துக் கட்டி, கேம் ஷாஃப்ட்டுகளை எடுக்கணும். வண்டியை டாப் கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு, பிளக் துளை வழியாக 80 பிஎஸ்ஐ அளவு காற்று கொடுத்தால் வால்வுகள் மேலேயே நிற்கும். ஸ்பிரிங்கை அழுத்துமுன் ரிட்டெய்னரை (ஸ்பிரிங்கின் மேல் தட்டு) சாக்கெட் வைத்து லேசாகத் தட்டினால் அதைப் பிடித்திருக்கும் லாக் விடும். பிஸ்டன் கீழே நிற்கும் சிலிண்டரில் காற்றை நடுவில் நிறுத்தவே கூடாது. நிறுத்தினால் வால்வ் உள்ளே விழும், அப்புறம் ஹெட்டை இறக்கித்தான் எடுக்கணும். நாலு சிலிண்டருக்கும் இன்டேக், எக்ஸாஸ்ட் சீல் எல்லாவற்றையும் ஒரே வேலையில் மாற்றுங்க, வெப்பம் தாங்கும் விட்டான் ரப்பரில் வாங்குங்க. வால்வ் தண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்க. பக்கவாட்டில் தெளிவாக ஆடினால் தண்டு ஓடும் குழாயான கைடும் போயிருக்கிறது, புது சீல் அங்கே அதிக நாள் தாங்காது. அப்படியிருந்தால் ஹெட் இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் ஸ்ட்ரெய்ட் எட்ஜும் (நேர்விளிம்புச் சட்டம்) ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவைப் பாருங்க, 0.05 மி.மீ. தாண்டினால் லேத்தில் ஃபேசிங் (பரப்பைச் சீவிச் சமமாக்குவது) கொடுக்கணும்.

சீல் மாற்றியும் ஆயில் குறைந்தால் அடுத்தது ஆயில் ரிங். கார்பன் கிளீனரைப் பிளக் துளை வழியே விட்டு ராத்திரி முழுக்க ஊற வைப்பது. மறுநாள் பிளக் போடுவதற்கு முன்னால் துணி மூடி கிராங்க் செய்து உள்ளே இருக்கும் திரவத்தை வெளியேற்றணும். இல்லையென்றால் கனெக்டிங் ராடே வளையும். அதோடு ஆயிலும் ஃபில்டரும் மாற்றணும்.

வேலை முடிந்த உடனே புகை நிற்கவில்லை என்று பயப்படாதீங்க. சைலன்சரில் படிந்திருக்கும் பழைய ஆயில் எரிந்து தீர 200, 300 கி.மீ. ஆகும். அதன் பிறகு சமதரையில், என்ஜின் அணைத்து 5 நிமிஷம் கழித்து, ஒரே இடத்தில் ஸ்டிக் பார்த்து, 1000 கி.மீ. முடிந்ததும் எத்தனை மி.லி. ஊற்ற வேண்டியிருந்தது என்று எழுதுங்க.