ஹீட்டர் கம்பியும் சீ.ஈ. முத்திரையும்: எங்கள் குடும்பக் குழுவில்

தலவாக்கலை அக்கா: சித்தப்பா, இங்கே குளிர் கடுமையாக இருப்பதால், குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் சூடாக்கவென்று, வாளிக்குள் இறக்கும் ஹீட்டர் கம்பி ஒன்றை நேற்று டவுனில் வாங்கினோம். இன்னும் பாவிக்கவில்லை. பெட்டியில் சீ.ஈ. என்ற எழுத்துகள் பெரிதாக உள்ளன. அதை நம்பலாமா? படங்களை மேலே அனுப்பியுள்ளேன்.

கண்டி தம்பி: அக்கா, அது ‘சைனா எக்ஸ்போர்ட்’ என்பதன் சுருக்கம் என்றும், எழுத்துகள் நெருக்கமாக இருந்தால் போலி என்றும் ஒரு காணொளியில் சொன்னார்கள்.

ஹட்டன் சித்தப்பா: தம்பி, ‘சைனா எக்ஸ்போர்ட்’ என்றொரு முத்திரை அதிகாரபூர்வமாகக் கிடையாது. சீ.ஈ. என்பது ஐரோப்பிய ஒன்றியச் சந்தைக்குரிய அடையாளம். எழுத்துகளின் இடைவெளியை அளப்பதைவிட, அதை இடுபவர் யார் என்று கேட்பதே முக்கியம். வீட்டு மின்பொருட்களைப் பொறுத்தவரை, ஒன்றியத்தின் பாதுகாப்பு விதிகளுக்குத் தன் பொருள் இணங்குகிறது என்று உற்பத்தியாளர் தாமே உறுதிகூறி அதை இடுகிறார். வெளியார் ஒருவர் சோதித்த பின்னரே இட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. பொறுப்பான உற்பத்தியாளரிடம் அதற்கான சோதனை ஆவணங்கள் இருக்கும். இந்தப் பெட்டியிலோ உற்பத்தியாளரின் பெயரும் இல்லை, இறக்குமதியாளரின் பெயரும் இல்லை. கொடுத்தவர் யாரென்றே தெரியாத வாக்கை எப்படி நம்புவது?

எஸ்.எல்.எஸ். முத்திரை அப்படியல்ல. இலங்கை கட்டளைகள் நிறுவனம் பொருளைச் சோதித்து, உற்பத்தி முறையையும் பார்த்து அனுமதி கொடுத்த பின்னரே அதை இட முடியும்.

தலவாக்கலை அக்கா: பிளக்கில் எஸ்.எல்.எஸ். இருக்கிறதே, சித்தப்பா?

ஹட்டன் சித்தப்பா: அது பிளக்குக்கு மட்டும் கிடைத்த சான்று, மகள். கம்பிக்கு அது பேசாது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான்; நல்ல பிளக்கையோ வயரையோ மாட்டிவிட்டால் முழுப் பொருளும் சான்று பெற்றதுபோல் தோன்றிவிடுகிறது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வயர் தட்டையாக, உள்ளே இரண்டு கம்பிகளுடன் மட்டுமே இருக்கிறது. அதாவது, கசியும் மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுபோகும் ஏர்த் கம்பி இல்லை. ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரைந்த குறி இருந்தால் இரட்டைக் காப்பு, அதாவது மின்சாரம் வெளியே கசியாதபடி இரண்டு அடுக்குத் தடுப்பு, என்று பொருள்; அப்படிப்பட்ட பொருளுக்கு ஏர்த் தேவையில்லை. இதில் அந்தக் குறியும் இல்லை. உலோக உறை வெடித்தால் வாளித் தண்ணீர் முழுவதிலும் மின்சாரம் ஏறும். மின்சாரம் கசிந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி அம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் நல்ல நிலையில் இருந்தால் உயிரைக் காக்கலாம், ஆனால் பழைய லயன் வீடுகள் எல்லாவற்றிலும் அது பொருத்தப்பட்டிருப்பதில்லை. தயவுசெய்து இதைப் பாவிக்க வேண்டாம்.

நானுஓயா அத்தை: கனடாவிலிருந்து மகள் அனுப்பிய கேத்தலில் அந்நாட்டுப் பாதுகாப்புச் சான்றான சி.எஸ்.ஏ. முத்திரை இருக்கிறது. அது நல்லதுதானே, தம்பி?

ஹட்டன் சித்தப்பா: முத்திரை நல்லதுதான், அக்கா, ஆனால் அடித்தட்டில் 120 வோல்ட் என்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சான்று அந்த வோல்டேஜுக்கு மட்டுமே செல்லும். நம் வீட்டில் வருவது 230 வோல்ட். அதில் செருகினால் வெப்பச்சுருள் தாங்க வேண்டியதைப்போல் ஏறத்தாழ 3.7 மடங்கு மின்வலுவை இழுத்து எரிந்துபோகும். கடையில் விற்கும் அடப்டர் பின்களின் வடிவத்தை மாற்றுமே தவிர வோல்டேஜைக் குறைக்காது.

நானுஓயா அத்தை: 120 என்றுதான் இருக்கிறது. எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

கண்டி தம்பி: அப்படியென்றால் அக்கா எதை வாங்குவது, சித்தப்பா?

ஹட்டன் சித்தப்பா: வாளிக் கம்பியை விட்டுவிட்டு, கொதித்ததும் தானாக நிற்கும் கேத்தல் ஒன்றை வாங்கச் சொல்லுங்கள். ஏர்த் உள்ள மூன்று பின் 13 அம்பியர் பிளக் இருக்க வேண்டும். அடித்தட்டில் 230 வோல்ட், வாட் அளவு, மாடல் இலக்கம், உற்பத்தியாளரின் பெயர் ஆகியவை தெளிவாக அச்சிடப்பட்டிருக்க வேண்டும். முத்திரை பெட்டியில் மட்டுமன்றிப் பொருளிலும் இருக்க வேண்டும். பற்றுச்சீட்டை மறக்காமல் வாங்குங்கள். கடைக்காரர் கம்பியைத் திருப்பி எடுக்க மறுத்தால், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம்.

தலவாக்கலை அக்கா: கடைக்காரரிடம் இப்போதுதான் பேசினேன், மாற்றித் தருவதாகச் சொல்கிறார். காசு கொடுப்பதற்கு முன்பு கேத்தலின் அடித்தட்டைப் படமெடுத்து இங்கே போடுகிறேன், சித்தப்பா.